நெல்லுக்குக் கீழ்விலை, மளிகைக்கு மேல்விலை: காவிரிப் படுகையிலிருந்து ஒரு பார்வை

2022 ஜூலை 18-க்குப் பிறகு தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் ஒரு புதுச் சிப்பம் வந்து அடுக்கில் ஏறியது. 26 கிலோ. அதற்கு முன்னால் சிப்பம் என்றால் 25 கிலோதான். கேட்கிறவரும் எடை சொல்லிக் கேட்பதில்லை, கொடுக்கிறவரும் எடை சொல்லிக் கொடுப்பதில்லை. பிராண்டு அரிசிக்கு மட்டும் இருந்த 5 சதவீத ஜிஎஸ்டியை, 25 கிலோ வரை பையில் அடைத்து விவரம் அச்சிட்ட எல்லா அரிசிக்கும் அன்று விரித்தார்கள். ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டி அடைத்தார்கள். வரி விலகிப் போனது. சிப்பம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 75 ரூபாய் மிச்சம். சட்டத்தை யாரும் மீறவில்லை. ஆனால் 5 கிலோ, 10 கிலோப் பையாக வாங்குகிற குடும்பம் வரி கட்டியது; மூட்டையாகத் தூக்கிப்போட வசதியுள்ள வீடு கட்டவில்லை.

விலை குறித்து எழுதும் எந்த விதியையும் கடைத்தெரு இப்படித்தான் படிக்கிறது: கோடு எங்கே போட்டிருக்கிறார்கள், அதற்கு ஓரடி தள்ளி நிற்பது எப்படி? காவிரிப் படுகையில் இருந்துகொண்டு இதைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. நெல்லுக்குக் கீழ்விலை வைக்கும் அரசும், அரிசி பருப்புக்கு மேல்விலை கட்ட நினைக்கும் அரசும் இங்கே ஒரே ஊரில், சில இடங்களில் ஒரே சாலையில் வேலை பார்க்கின்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒரு முனை, ரேஷன் கடை மறுமுனை. நடுவில் ஆலை, மண்டி, தரகு, மளிகைக் கடை. கடந்த எண்பது ஆண்டு ஆணைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்த நடுப்பகுதியை அதிகாரத்தால் மட்டும் பிடித்து நிறுத்த முடிந்ததற்குச் சான்று குறைவு. அரசு கையில் சரக்கு வைத்திருந்தபோது விலை அடங்கியிருக்கிறது. காகிதத்தை மட்டும் வைத்திருந்தபோது சரக்குதான் ஒளிந்திருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த எம்ஆர்பியிலிருந்து தொடங்கலாம். 1976-ல் எடையளவுத் தரச் சட்டம் வந்தது. 1977-ல் பொட்டலப் பொருள் விதிகள். 'எல்லா வரிகளும் உட்பட' என்ற வாசகத்தோடு அதிகபட்ச சில்லறை விலையை அச்சிடுவது 1990-ல் கட்டாயமானது. இப்போது நடப்பில் இருப்பவை 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011-ம் ஆண்டு விதிகளும். இப்படி எல்லாப் பொட்டலத்திலும் உச்சவிலை அச்சிடச் சொல்லும் நாடுகள் உலகில் மிகக் குறைவு. வெளிநாடுகள் பலவற்றில் விலைச்சீட்டை ஒட்டுவது கடைக்காரரின் வேலை.

நம் நாட்டின் பெருமைகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். பாதி சரி. எம்ஆர்பிக்கு மேல் விற்கக் கூடாது என்கிறது சட்டம். எம்ஆர்பி எவ்வளவு இருக்கலாம் என்று சொல்வதில்லை. அந்த எண்ணைத் தயாரிப்பவரே போட்டுக்கொள்கிறார். அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்சவிலை வைக்கத் தேசிய ஆணையம் இருக்கிறது, மளிகைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதனால்தான் அரிசிப் பையில் ஒரு விலை அச்சாகியிருக்கும், கடைக்காரர் அதிலிருந்து நூறு இருநூறு குறைத்துக் கேட்பார், வாங்குகிறவர் லாபமடைந்ததாக நினைத்து வீட்டுக்குப் போவார். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் எம்ஆர்பி காவல். அரிசிக்கு அது அலங்காரம்.

காவலிலும் ஓட்டை உண்டு. பால் பாக்கெட்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் 'கூலிங்' என்று சொல்லி ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் கூட்டி வாங்குவது ஊருக்கு ஊர் நடக்கிறது. இதைப் பிடிக்க வேண்டியவர் முத்திரை ஆய்வாளர். தமிழ்நாட்டில் அவர் தொழிலாளர் துறையைச் சேர்ந்தவர். தராசுக்கு முத்திரை போடுவதும் பொட்டல விதியைப் பார்ப்பதும் அவர் தலையில். ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஓர் எம்ஆர்பி போடுவது 2018 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. மல்டிபிளெக்ஸிலும் விமான நிலையத்திலும் தனி விலை அச்சிட்ட பாட்டில்கள்தான் அதற்குக் காரணம். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு, 2017 டிசம்பரில், உணவகமும் ஓட்டலும் தண்ணீர் பாட்டிலை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அங்கே விற்பது பாட்டிலை மட்டுமல்ல, நாற்காலியையும் மின்விசிறியையும் சேர்த்து என்பது அதன் தர்க்கம். பேருந்து நிலையப் பெட்டிக்கடைக்காரர் இந்தத் தர்க்கத்தைத் தன் ஐஸ்பெட்டிக்கும் நீட்டிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது அளவு குறைப்பு. ஐந்து ரூபாய்ப் பொட்டலம் ஐந்து ரூபாயாகவே இருக்கும். உள்ளே கிராம் குறைந்துகொண்டே வரும். முன்பு பிஸ்கட், தேயிலை, எண்ணெய் முதலிய பொருள்களை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று விதியில் ஓர் அட்டவணை இருந்தது. 2021-ல் கொண்டுவந்த திருத்தம் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. பதிலுக்கு, அலகு விலையை, அதாவது கிராமுக்கு அல்லது கிலோவுக்கு எவ்வளவு என்பதை, அச்சிடச் சொன்னது. நல்ல யோசனை. ஆனால் விதியை உற்றுப் படித்தால், ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்துக்குக் கிராம் கணக்கு, ஒரு கிலோவுக்கு மேல் போனால் கிலோ கணக்கு. அரைக்கிலோப் பருப்பில் 'கிராம் 0.18 ரூபாய்' என்று இருக்கும், பக்கத்திலேயே இரண்டு கிலோப் பையில் 'கிலோ 165 ரூபாய்' என்று இருக்கும். எது மலிவு என்று கண்டுபிடிக்க மனக்கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முன் அந்த எழுத்தைப் படிக்கக் கண் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1998-ல் போட்ட விதி பொதுவாகக் கிலோவையும் லிட்டரையுமே அளவாக வைத்தது. நாமும் அப்படி வைத்திருந்தால் செலவு ஒன்றும் கூடியிருக்காது.

டெல்டாவின் சிற்றூர்க் கடைகளில் பாதிச் சரக்கு இன்னும் சில்லறையாகத்தான் போகிறது. மூட்டையைப் பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பருப்புக்கும் புளிக்கும் மிளகாய்க்கும் எம்ஆர்பி கிடையாது. போதாததற்குக் கடன் நோட்டு. அறுவடை முடிந்து நெல் பணம் வந்தால் பைசல் என்று ஓடும் கணக்கில், நோட்டில் எழுதும் விலையும் ரொக்க விலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இருந்தாலும் யார் போய்ப் புகார் கொடுப்பார்? அடுத்த மாதம் அரிசி பருப்பு கடன் கொடுக்கப் போகிறவர் அந்த அண்ணாச்சிதானே.

அளவையைப் பொதுவாக்குவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்து நெல்லை அளந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரே இருக்கிறது. அரசு முதலில் எடுத்துக்கொண்ட பொறுப்பு அளவைதான். விலையைக் கையில் எடுத்தது மிகப் பிந்தி. இன்றைய கட்டுப்பாட்டு முறையின் தொடக்கம் இரண்டாம் உலகப் போர். 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. ரேஷன், கொள்முதல், நடமாட்டத் தடை எல்லாம் அடுத்தடுத்து வந்தன. போர் முடிந்தும் அவை போகவில்லை. 1952-ல் முதலமைச்சரான ராஜாஜி ஜூன் மாதம் ஒரே அறிவிப்பில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். பயந்த அளவுக்கு விலை ஏறவில்லை. கட்டுப்பாடே பஞ்சத்தைச் செய்கிறது என்று வாதிடுகிறவர்கள் இன்றும் இந்த நிகழ்ச்சியைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறுபதுகளின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு முற்றியது. பக்தவத்சலம் ஆட்சி அதில் ஆட்டம் கண்டது. 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று சொல்லி 1967-ல் தி.மு.க. வந்தது. அண்ணா அரசு சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுக்க அதை விரிக்கச் சரக்கும் இல்லை, பணமும் இல்லை. வாக்குறுதியின் நேர்மையில் குறை இல்லை, கிடங்கில்தான் குறை.

அந்தக் கிடங்கு கட்டும் வேலை அதே ஆண்டுகளில்தான் தொடங்கியது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-ல் வந்தது. அரசு நெல் வாங்குகிற ஊரில், அரசுக்குப் போட்டியாக வாங்க வருகிற வியாபாரியை என்ன செய்வது? இங்கேதான் டெல்டா விவசாயி மறக்காத 'வேலி' வருகிறது.

1982-ம் ஆண்டின் தமிழ்நாடு நெல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் பின்னர் சேர்த்த ஒரு பிரிவு, அன்றைய ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டம், தென்னார்க்காட்டின் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்கள், திருச்சி மாவட்டத்தின் முசிறி, குளித்தலை, லால்குடி, திருச்சி வட்டங்கள் ஆகியவற்றிலிருந்து நெல் வெளியே போவதை அடியோடு தடுத்தது. உபரி விளையும் இடத்தில் அரசு முடிந்த மட்டும் வாங்கிப் பொது விநியோகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அரசின் வாதம். வேலிக்கு வெளியே நல்ல விலை இருக்க, உள்ளே அரசு சொன்ன விலைக்கு ஏன் போட வேண்டும் என்பது விவசாயியின் கேள்வி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985-ல் தீர்ப்பு வந்தது: கே. ராமநாதன் எதிர் தமிழ்நாடு அரசு. முறைப்படுத்தும் அதிகாரத்துக்குள் முற்றாகத் தடுப்பதும் அடங்கும் என்று சொல்லி நீதிமன்றம் ஆணையை நிலைநிறுத்தியது. இந்தியாவில் விலைக் கட்டுப்பாடு பற்றிய சட்ட விவாதம் எங்கே நடந்தாலும் இந்தத் தஞ்சாவூர் நெல் வழக்கு எட்டிப் பார்க்கும்.

தீர்ப்பு அரசியல் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். நியாயக் கணக்கில் எனக்கு ஒப்புதல் இல்லை. நகரத்து அரிசி மலிவாக இருப்பதற்கான செலவை ஒரே ஒரு பகுதி உழவர்கள் தலையில் ஏற்றிய ஆணை அது. அவர்களுக்கு ஈடு எதுவும் இல்லை. நுகர்வோரைக் காப்பது என்று பொதுவாகச் சொல்லும்போது, அதற்கான பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது என்பதைச் சட்டம் எழுதுவதில்லை.

வேலி இன்று இல்லை. ஒரு முனையில் விலை இப்போது மேலே தூக்கப்படுகிறது. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையோடு மாநில ஊக்கத்தொகையும் சேர்ந்து, 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. இது கையில் கிடைக்க, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழை வாசலில் வருகிறது. சாலையோரத்தில் கொட்டிக் காய வைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, மழை விட்டதும் மறுபடி பிரித்துக் கிளறி, ஈரமானி காட்டும் எண்ணுக்காக நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். 2025 அக்டோபர் மழையில் நெல் தேங்கி முளைவிட்டதும், 22 சதவீதம் வரை தளர்த்தக் கேட்டதும், மத்தியக் குழு வந்து பார்த்ததும் எல்லோரும் பார்த்தவை. காத்திருக்க முடியாதவர் வியாபாரியிடம் குறைத்துப் போடுகிறார். கீழ்விலை என்பது அரசு வாங்குகிற வேகத்தைப் பொறுத்தது. அறிவிப்பைப் பொறுத்தது இல்லை.

மறுமுனை ரேஷன் கடை. நாட்டின் பிற பகுதிகளில் 1997-ல் ஏழைக்கு மட்டும் என்று சுருக்கியபோது தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற முறையை விடவில்லை. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லை. 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். வெளிச்சந்தை அரிசிக்கு இதைவிடப் பெரிய கடிவாளம் எந்தச் சட்டத்திலும் இல்லை: விலை ஏறினால் ஒரு பகுதி வாடிக்கையாளர் ரேஷன் அரிசிக்குத் திரும்பிவிடுவார் என்பது மண்டிக்காரருக்குத் தெரியும். ரேஷன் அரிசி கேரளத்துக்குக் கடத்தப்படுவதும், குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறை அதை லாரியோடு பிடிப்பதும் இதன் மறுபக்கம்.

இந்தக் கடிவாளத்துக்கு என்ன செலவு என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு 'பாரத்' அரிசியைக் கிலோ 29 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. அந்தப் பருவத்து நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,183. நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி என்பது அரசு வைத்திருக்கும் அரவைக் கணக்கு. வகுத்தால் நெல் விலை மட்டுமே அரிசிக் கிலோவுக்கு 32 ரூபாய் வருகிறது. அரவை, சாக்கு, லாரி, கிடங்கு, வட்டி தனி. 29-க்கு விற்க வேண்டுமென்றால் மீதியைக் கஜானா கொடுத்தாக வேண்டும். கொடுப்பது தவறில்லை. ஆனால் வியாபாரி பதுக்காவிட்டால் அரிசி 29-க்குக் கிடைக்கும் என்று பேசுவது கணக்குக்கு ஒத்து வராத பேச்சு.

பதுக்கல் பற்றிய சட்டம் 1955-ன் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம். 2020-ல் கொண்டுவந்த திருத்தம் தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, சமையல் எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கு இருப்பு வரம்பை ஏறத்தாழ எடுத்துவிட்டது; கெடாத பொருளின் சில்லறை விலை 50 சதவீதமும், தோட்டக்கலைப் பொருள் 100 சதவீதமும் ஏறினால்தான் வரம்பு. விவசாயிகள் போராட்டத்துக்குப் பின் 2021-ல் மற்ற இரண்டு வேளாண் சட்டங்களோடு இதுவும் போனது. போன கையோடு பழைய அதிகாரம் முழு வீச்சில் வந்தது. 2023 ஜூனில் துவரை, உளுந்துக்கு வரம்பு: மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். ஐந்து டன் துவரை வைத்திருக்கும் மளிகைக் கடையைக் கும்பகோணத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். அடுத்த மாதமே, ஜூலை 20 அன்று, பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை. ஆகஸ்டில் புழுங்கலுக்கு 20 சதவீத வரி. அமெரிக்கக் கடைகளில் நம்மவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்த படங்கள் அப்போது வந்தவை. 2024 செப்டம்பர் இறுதியில் பச்சரிசித் தடை நீங்கியது. அக்டோபரில் புழுங்கல் வரியும் போனது. வரம்பு துவரை விலையை உடனே இறக்கிவிடவில்லை. விளைச்சல் குறைந்த ஆண்டில் இருப்பு வரம்பு, இல்லாத பொருளைப் பங்கு போடும் முயற்சியாகவே முடிகிறது.

பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 2021 ஆகஸ்ட் இறுதியில் அவசரகால விதிகள், செப்டம்பர் தொடக்கத்தில் அரிசிக்கு உச்சவிலை, இருப்பைக் கைப்பற்ற அதிகாரி. செப்டம்பர் முடிவதற்குள் அரிசிக்கான விலைக் கட்டுப்பாட்டை அமைச்சரவையே எடுத்தது. கடையில் அரிசி இல்லாமல் போனால் உச்சவிலை யாருக்கு? 2024 டிசம்பரில் புதிய அரசு மறுபடி முயன்று, நாட்டரிசிக்குச் சில்லறை விலை 230 ரூபாய் என்று வைத்தது. அப்போதும் தட்டுப்பாடு தீர இறக்குமதிக்கு வழிவிட வேண்டியிருந்தது. அங்கே அரவையும் இருப்பும் சில பெரிய ஆலைகளின் கையில். நம் நிலையும் இலங்கையின் நிலையும் வேறுபடுவது சட்டத்தின் கடுமையில் இல்லை. நம்மிடம் உணவுக் கழகக் கிடங்கு இருக்கிறது.

காய்கறியிலும் இதே கதைதான். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் விலைப் பலகை காலையில் எழுதப்படும்: மொத்த விலைக்கு மேலே, வெளிச் சில்லறை விலைக்குக் கீழே. அந்தப் பலகைக்கு மரியாதை இருப்பது, பலகைக்குக் கீழே கத்திரிக்காயோடு விவசாயி உட்கார்ந்திருப்பதால். 2023 ஜூலையில் தக்காளி விலை உச்சிக்குப் போனபோது கூட்டுறவுத் துறை சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. தக்காளிக்கு உச்சவிலை என்று ஆணை போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பெரிய சூப்பர் மார்க்கெட்டும் பத்து நிமிடத்தில் கொண்டுவந்து கொடுக்கும் செயலிகளும் அடக்க விலைக்குக் கீழே விற்றுச் சிறு கடையை ஒழிப்பது வேறு பிரச்சினை. அதற்குப் போட்டிச் சட்டம் 2002 இருக்கிறது. அது மெதுவாக நகரும், பட்டுக்கோட்டை மளிகைக் கடைக்காரர் அதுவரை தாங்க வேண்டும்.

அரிசியை வைத்தே விலைவாசி பேசிப் பழகிவிட்டோம். நடவுக்கும் களைக்கும் போகிற ஒரு கூலிக் குடும்பத்தின் மளிகைச் சீட்டை எடுத்துப் பார்த்தால் அதில் அரிசி இப்போது பெரிய வரி இல்லை. பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், தேயிலை. இவைதான் கையைக் கடிக்கின்றன. இவற்றில் அரசின் கடையில் கிடைப்பது 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தின் துவரம் பருப்பும் பாமாயிலும்: மாதம் ஒரு கிலோ 30 ரூபாய், ஒரு லிட்டர் 25 ரூபாய். துவரை வெளியே 150-ஐத் தாண்டிய மாதங்களில் அந்த 30 ரூபாய்ப் பருப்புதான் பல வீடுகளில் சாம்பார் வைத்தது. தொடங்கியபோது அந்தத் திட்டத்தில் உளுந்தும் இருந்தது, பிறகு நின்றுபோனது. சம்பா அறுவடைக்கு முன் வயல் ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது டெல்டாவின் பழைய வழக்கம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வழியாக ஆதரவு விலையில் அதை வாங்குவதும் நடந்திருக்கிறது. அப்படி வாங்கும் உளுந்தை மன்னார்குடி ரேஷன் கடைக்கே கொண்டுவருவதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.